நிரலைக் கூறுபடுத்தல்

பெரியதொரு வேலையைச் சிறு கூறுகளாகப் பகுத்துப் பலரிடம் ஒப்படைப்பது தொன்றுதொட்டு வரும் வழக்கம். கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோரும் இதனையே மேற்கொண்டனர். நிரலாக்க மொழிகள் பலவற்றில் இதற்கெனத் தனி அமைப்பே உண்டு. அவ்வமைப்பைக் கையாண்ட அளவிலேயே நிரல் செம்மையாகக் கூறுபட்டுவிடுமா? இவ்வினாவிற்கு வரலாறு தரும் விடையை ஈண்டு ஆராய விரும்புகிறேன்.

1972ஆம் ஆண்டு டிசம்பரில், கார்னகி-மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பார்னஸ் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் காட்டிய எடுத்துக்காட்டு எளியது. ஒரு வரியின் முதற்சொல்லை எடுத்து இறுதியில் சேர்க்க வேண்டும். இவ்வாறு சுழற்றிக் கிடைக்கும் வரிகளையெல்லாம் அகரவரிசையில் தர வேண்டும். இந்நிரலை அவர் இருவகையாகப் பகுத்தார். முதல் வகையில், படித்தல், சுழற்றல், வரிசைப்படுத்தல், அச்சிடல் என வேலை நடைபெறும் முறைப்படியே கூறுகள் அமைந்தன. மற்றதில், பின்னர் மாறக்கூடிய முடிவுகளை அவ்வக் கூறு தன்னுள் மறைத்துக் காத்தது.

இரண்டும் செவ்வனே இயங்கக்கூடியவையே. ஆயின், வரிகளை நினைவகத்தில் வைக்கும் முறையை மாற்ற நேர்ந்தால் என்னாகும்? முதல் வகையில் அம்முறையை எல்லாக் கூறுகளும் அறிந்திருந்தன. எனவே எல்லாவற்றையும் திருத்த வேண்டும். மற்றதில் ஒன்றைத் திருத்தினாற் போதும்.

1970களின் இறுதியில், சூரிச் நகரில் நிக்லாஸ் விர்த் மாடுலா-2 என்னும் மொழியை உருவாக்கினார். அதில் ஒரு கூறு வெளியே அறிவிப்பது ஓரிடத்திலும், அதன் உட்செயல் வேறோரிடத்திலும் எழுதப்படும். அறிவிக்காததைப் பிற கூறுகள் தொட முயன்றால் கம்பைலர் மறுத்துவிடும். 1983இல் தரம் வகுக்கப்பெற்ற அடா மொழியிலும் இத்தகைய காவல் உண்டு. நிரலாளரின் தன்னடக்கத்தை மட்டுமே நம்பியிருந்த ஒன்று மொழியின் சட்டமாயிற்று. இது சிறிய பயனன்று.

ஆயினும், சட்டம் காக்குமேயன்றி எதைக் காக்க வேண்டும் என்று கூறாது. ஆண்டை ஈரிலக்கத்தில் குறிக்கும் வழக்கம் எங்கும் பரவியிருந்ததால், 2000ஆம் ஆண்டு நெருங்கியபோது நிரலாளர் பெரும்பாடு பட்டனர். அந்நிரல்களிற் பல, இத்தகைய காவலற்ற பழைய மொழிகளில் எழுதப்பட்டவை. ஆனால் காவலுள்ள மொழியிலும், அந்த ஈரிலக்கத்தையே வெளியறிவிப்பாக எழுதியிருந்தால், கம்பைலர் அதனைத் தடையின்றி ஏற்றிருக்கும். இடரும் அவ்வாறே நேர்ந்திருக்கும்.

ஆகவே, மொழி தருவது சுவர் எழுப்பும் உரிமையே. சுவரின் இடத்தைத் தேர்வது மனிதரின் பொறுப்பு என்பது என் துணிபு. நிரல் எழுதத் தொடங்குமுன், "இம்முடிவு நாளை மாறினால் எத்தனை கூறுகளைத் திருத்த நேரும்?" என்று கேட்டுப் பாருங்கள்.