ஆப்பிள் பறித்தல், நிலம் பறித்தல்

"பிடிச்சு இழுக்கக் கூடாது. லேசா மேலே தூக்கி ஒரு திருகு, அவ்வளவுதான்." தோட்டத்து வாசலில் நின்ற பாட்டி செய்து காட்டினார். பழம் காம்போடு அவர் கையில் வந்துவிட்டது. இழுத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஆப்பிள் மரம் இந்த வருஷத்துப் பழத்தையும் அடுத்த வருஷத்துக்கான மொட்டையும் ஒரே குட்டைக் காம்பில் வைத்திருக்கிறது. அவசரப்பட்டு இழுத்தால் இரண்டும் சேர்ந்து பிய்ந்துவிடும் என்றார்.

அது அக்டோபர் மாதத்து முதல் சனிக்கிழமை. நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகருக்கு நான் வேலைக்கு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. கூட வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் தன் குடும்பத்தோடு என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார். தென்கிழக்கே ஒரு மணி நேரப் பயணத்தில் செனெகா ஏரி வந்துவிடும். அதன் கரையோரச் சரிவுகளில் வரிசை வரிசையாக ஆப்பிள் மரங்கள். வாசலில் பணம் கட்டினால் ஒரு பை கொடுப்பார்கள். அதில் கொள்ளும் அளவுக்கு நாமே பறித்துக்கொள்ளலாம். வீடியோ காலில் பார்த்த அம்மாவுக்கு ஒரே சந்தேகம். "ஏன்டா, நம்மூர்ல பறிக்கிறவங்களுக்குத்தானே நாம கூலி குடுப்போம்? நீ காசும் குடுத்து வேலையும் பாக்குறியா?"

மரங்கள் என் உயரத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஏணி தேவையில்லை. ஆப்பிளை அதன் விதையிலிருந்து வளர்த்தால் தாயைப் போலப் பிள்ளை இருக்காது. ஒவ்வொரு விதையும் ஒரு புது ஆள், பெரும்பாலும் புளிப்பும் துவர்ப்புமான ஆள். அதனால் நல்ல மரம் ஒன்று கிடைத்தால் அதன் குச்சியை வெட்டி வேறொரு வேரில் ஒட்டுக் கட்டுகிறார்கள், நம் ஒட்டுமாங்கன்று மாதிரியே. வேர் குட்டை ரகமாக இருந்தால் மரமும் குட்டையாகவே நிற்கும். நான் பறித்த மெக்கின்டாஷ், 1811இல் ஜான் மெக்கின்டாஷ் என்பவர் கனடாவில் புதர் வெட்டும்போது கண்டெடுத்த கன்றிலிருந்து ஒட்டு ஒட்டாகத் தொடர்ந்து வந்தது. உலகத்தில் இருக்கிற எல்லா மெக்கின்டாஷும் ஒரு வகையில் அந்த ஒரே மரம்தான்.

அண்ணனின் மகளுக்கு ஆறு வயது. "அப்பா, இந்த மரத்தையெல்லாம் மொதல்ல யாரு நட்டா?" என்று கேட்டாள். "அந்தக் காலத்துல வெள்ளைக்காரங்க கப்பல்ல விதை கொண்டுவந்து நட்டாங்கம்மா" என்றார் அண்ணன். நானும் தலையாட்டினேன். பள்ளிக்கூடத்தில் ஜானி ஆப்பிள்சீட் கதை சொல்லித் தருவார்கள். ஜான் சாப்மன் என்ற அந்த மனிதர் நிஜமாகவே வாழ்ந்தவர், 1774இல் பிறந்தவர், குடியேறிகளுக்காக ஊர் ஊராக நாற்றங்கால் போட்டவர். அந்தக் கதைக்கு முன்னால் இருப்பது வெறுங்காடு என்றுதான் கேட்பவர்கள் நினைத்துக்கொள்கிறோம்.

ஆப்பிள் வரிசைகளைத் தாண்டினால் பூசணி வயல். கொடியெல்லாம் வாடிப்போய் ஆரஞ்சு நிறக் காய்கள் மட்டும் மண்ணில் உட்கார்ந்திருந்தன. இது கப்பலில் வந்த செடி இல்லை, இந்தக் கண்டத்தின் சொந்தக்காரி. மெக்சிகோவின் வஹாக்கா பகுதியில் கிலா நகிட்ஸ் என்ற குகையில் கிடைத்த பூசணி விதைகளுக்கு வயது ஏறக்குறைய 10,000 ஆண்டுகள். 1492க்குப் பிறகுதான் இந்தக் குடும்பம் கடல் தாண்டியது. நம்மிடம் வந்தபோது பரங்கியரோடு வந்த காய் என்பதால் பரங்கிக்காய் ஆனது. மார்கழிக் கோலத்தில் அம்மா வைக்கிற பரங்கிப்பூவின் பூர்வீகம் அமெரிக்கா. அதன் பெயரில் மட்டும் கொண்டுவந்தவன் உட்கார்ந்துவிட்டான், வளர்த்தவர்கள் இல்லை.

இந்த ஏரிக்கரையில் வளர்த்தவர்கள் ஹோடனோஷோனி மக்கள். வெளியார் இரோகுவா என்று சொன்ன ஆறு தேசங்களின் கூட்டமைப்பு. செனெகா, கயூகா என்ற ஏரிப் பெயர்களே அந்த ஆறில் இரண்டின் பெயர்கள். வயல் பெண்களுடையது. மண்ணைக் குவித்துச் சோளம் நடுவார்கள், சோளத் தண்டில் அவரை ஏறும், பூசணி இலை கீழே படர்ந்து ஈரத்தைக் காக்கும். மூன்று சகோதரிகள் என்று அதற்குப் பெயர்.

திரும்பும் வழியில் ஜெனிவா என்ற சிற்றூரில் காபிக்காக நிறுத்தினோம். சாலையோரத்தில் ஒரு பெரிய கல், அதில் பதித்த வெண்கலத் தகட்டில் ஒரு படையின் வழித்தடம். ஜெனரல் சல்லிவனின் படை 1779இல் இந்த வழியாகப் போனதாம். 150 ஆண்டு நிறைவுக்காக 1929இல் இப்படிக் கற்களை வழி நெடுக நட்டிருக்கிறார்கள். போட்டோ எடுத்துக்கொண்டேன். ராத்திரி ஆப்பிளைக் கடித்துக்கொண்டே தேட ஆரம்பித்தவன் விடிய இரண்டு மணி வரை படுக்கவில்லை.

அமெரிக்கச் சுதந்திரப் போரில் ஆறு தேசங்களும் பிளந்தன. ஒனைடாவும் டஸ்கரோராவும் பெரும்பாலும் அமெரிக்கர் பக்கம், மற்ற நான்கும் பெரும்பாலும் பிரிட்டிஷ் பக்கம். 1778இல் பிரிட்டிஷ் ஆதரவுப் படையோடு சேர்ந்து எல்லையோரக் குடியிருப்புகளைத் தாக்கினார்கள். செர்ரி வேலியில் பெண்களும் குழந்தைகளும்கூடச் செத்தார்கள். அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. ஆனால் வந்த பதிலடி போர்வீரர்களைத் தேடி வரவில்லை, சாப்பாட்டைத் தேடி வந்தது. 1779 மே 31 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் சல்லிவனுக்கு எழுதிய கட்டளையில், ஊர்களை முழுக்க அழிக்க வேண்டும், நிலத்திலிருக்கும் பயிரை நாசமாக்கி இனி நட முடியாமல் செய்ய வேண்டும், அழிவு முடியும்வரை சமாதானப் பேச்சைக் காதில் வாங்கக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது.

4,000 பேருக்கு மேற்பட்ட படை. ஊர்க்காரர்கள் முன்னாலேயே விலகிப் போய்விட்டதால் பெரிய சண்டை ஒன்றுதான் நடந்தது. மீதி நாளெல்லாம் படைவீரர்கள் செய்தது ஒருவகை அறுவடை. விளைந்து நின்ற சோளத்தை வெட்டிக் குவித்து எரித்தார்கள். 40 ஊர்கள், குறைந்தது 1,60,000 புஷல் சோளம் என்று சல்லிவனே கணக்கு எழுதி அனுப்பினார். இந்தக் கணக்கோடுதான் மரங்கள் வருகின்றன. செப்டம்பர் 7 அன்று படை நுழைந்த கனடசேகா என்ற செனெகா ஊரில் ஆப்பிள் மரங்களும் பீச் மரங்களும் இருந்தன. கயூகா ஏரிக்கரையில் சோனோடோட்டே என்ற ஊரில் மட்டும் சுமார் 1,500 பீச் மரங்கள். வெட்டினார்கள். நேரமில்லாத இடத்தில் பட்டையை வளையமாக உரித்துவிட்டுப் போனார்கள். உணவு கீழே இறங்கும் பாதை பட்டையில்தான் இருக்கிறது, வேர் பட்டினி கிடந்து மரம் மெல்லச் சாகும்.

நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ஆப்பிளும் பீச்சும் அந்நியச் செடிகள். ஐரோப்பியர் கொண்டுவந்ததை இந்த மக்கள் வாங்கித் தங்கள் ஊரைச் சுற்றி நட்டு, தலைமுறைகளாக வளர்த்திருக்கிறார்கள். நேற்று காலை ஒரு ஆறு வயதுப் பெண்ணிடம் நாங்கள் சொன்ன பதில் முழுப் பொய் இல்லை, விதை கப்பலில்தான் வந்தது. ஆனால் இந்த மண்ணில் தோப்பு போட்டவர்கள் வேறு, தோப்பை வெட்டியவர்கள்தான் நாங்கள் பெயர் சொன்னவர்கள்.

1790இல் செனெகா தலைவர் கார்ன்பிளாண்டர் பிலடெல்பியாவுக்குப் போய், அப்போது ஜனாதிபதியாகிவிட்ட வாஷிங்டனிடமே பேசினார். அவரை 'ஊர்களை அழிப்பவர்' என்று தம் மக்கள் அழைப்பதையும், அந்தப் பெயரைக் கேட்டால் இன்றும் பெண்கள் திரும்பிப் பார்த்து முகம் வெளுப்பதையும், குழந்தைகள் தாயின் கழுத்தைக் கட்டிக்கொள்வதையும் முகத்துக்கு நேரே சொன்னார்.

சோளத்தை எரித்துக்கொண்டே படைவீரர்கள் மண்ணையும் கவனித்தார்கள், டைரிகளில் வியந்து எழுதினார்கள். போர் முடிந்ததும் சேவைக்குக் கூலியாக இதே மண்ணை மாநிலம் அவர்களுக்குப் பிரித்தது. 28 டவுன்ஷிப்கள், ஒவ்வொன்றிலும் 100 மனைகள், மனைக்கு 600 ஏக்கர். டவுன்ஷிப்களுக்கு ஓவிட், ஹோமர், ராமுலஸ், யுலிசஸ் என்று ரோம, கிரேக்கப் பெயர்கள். கார் ஜன்னலில் அந்தப் பெயர்ப்பலகைகளைப் பார்த்து 'பரவாயில்லையே, படிச்ச ஊர்க்காரங்க போல' என்று நினைத்திருந்தேன். ஏற்கெனவே பெயர் இருந்த நிலத்தின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர் அது.

தமிழில் பழம் எடுப்பதற்கும் பிடுங்கிக்கொள்வதற்கும் 'பறித்தல்' என்ற ஒரே சொல்தான். இங்கே இரண்டும் ஒரே நிலத்தில் நடந்திருக்கின்றன. பறித்ததைத் திரும்பக் கேட்டுக் கயூகா தேசம் 1980இல் கோர்ட்டுக்குப் போனது. 2001இல் 24.79 கோடி டாலர் தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. காரணம், கேட்டு வர ரொம்ப காலமாகிவிட்டதாம்.

இன்றைக்கு ஜெனிவாவில், பழைய கனடசேகா இருந்த இடத்தை ஒட்டி, 1882 முதல் ஒரு வேளாண் ஆராய்ச்சி நிலையம் நடக்கிறது. நாம் கடையில் பார்க்கிற ஜோனகோல்டு, எம்பயர் ரகங்கள் அங்கே பிறந்தவை. அமெரிக்க அரசின் ஆப்பிள் சேகரிப்பும் அங்கேதான். ஆப்பிளின் பூர்வீகமான கஜகஸ்தான் மலைக்காடுகளிலிருந்து 1989க்கும் 1996க்கும் இடையே விதை சேகரித்துவந்து, ஒரு ரகமும் அழிந்துவிடக் கூடாது என்று வளர்க்கிறார்கள். நல்ல வேலைதான், கிண்டலாகச் சொல்லவில்லை. ஆனால் காப்பாற்றுகிற மரங்களுக்குப் பக்கத்திலேயே வெட்டின மரங்களின் நிலம் இருக்கிறது என்பதும் உண்மை.

அன்று தோட்டத்தில் எங்கள் வரிசைக்கு அப்பால், வேலி போட்ட பகுதியில் சிலர் நெஞ்சில் பை கட்டிக்கொண்டு வேகமாகப் பறித்துக்கொண்டிருந்தார்கள். ஜமைக்காக்காரர்கள் என்றார் அண்ணன். பருவம் முடிந்தால் திரும்பிவிட வேண்டிய எச்-2ஏ விசா. என்னுடையது எச்-1பி. அம்மா கேட்ட கேள்விக்குப் பாதி பதில் அங்கேதான் இருந்தது. கூலிக்குப் பறிக்கிறவர்கள் வேலிக்கு அந்தப் பக்கம், விளையாட்டுக்குப் பறிக்கிற நாங்கள் இந்தப் பக்கம்.

அடுத்த வாரம் அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது அந்தக் குழந்தையிடம், நாங்க தப்பா சொல்லிட்டோம் என்று ஆரம்பித்து, ஆறு வயதுக்குத் தகுந்த அளவில் சொன்னேன். மரங்களை வெட்டினார்கள் என்பதை அவளால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. "பழம் இருக்கும்போதேவா?" ஆமாம், செப்டம்பரில். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப அவங்கல்லாம் எங்க போனாங்க?" என்று கேட்டாள்.

அந்தக் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் நயாகரா கோட்டை வாசலில் பிரிட்டிஷாரின் ரேஷனை நம்பிக் கிடந்தார்கள். பசியிலும் பனியிலும் பலர் செத்தார்கள். மிஞ்சியவர்களில் ஒரு பகுதி கனடாவில் கிராண்ட் நதிக்கரைக்குப் போனது. மற்றவர்கள் இதே மாநிலத்தின் மேற்கில் தங்கிவிட்டார்கள். இதில் எதைச் சொல்வது?

"இங்கதான்டா இருக்காங்க" என்றேன். "டோனவாண்டான்னு ஒரு இடம். நம்ம வீட்லேர்ந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. அன்னிக்கு நாம போனோமே, அதுக்கு எதிர்ப்பக்கம்."