வார்டில் பிறந்த விளையாட்டு

1944 பிப்ரவரி. நேசப்படைகள் பிரான்ஸில் இறங்கப்போகும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. தண்டுவடத்தில் அடிபட்ட வீரர்கள் நிறையப் பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்த பிரிட்டிஷ் அரசு, ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் அவர்களுக்கென்றே தனிப் பிரிவு திறந்தது. பொறுப்பேற்றவர் லுட்விக் குட்மான். நாஜிகளிடமிருந்து தப்பி, 1939இல் ஜெர்மனியை விட்டு வந்த யூத நரம்பியல் மருத்துவர்.

அதுவரை தண்டுவடம் முறிந்தவருக்குப் படுக்கைதான் கதி. படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும் பெரும்பாலோரைச் சீக்கிரமே கொண்டுபோய்விடும். இரவு பகல் பாராமல், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளிகளைப் புரட்டிப் படுக்கவைக்கச் சொன்னார் குட்மான். புண் ஆறியது, உயிர் பிழைத்தது. ஆனால், பிழைத்த இளைஞன் மிச்ச வாழ்நாளை எப்படிக் கழிப்பான்? அவன் கையில் பந்தையும் வில்லையும் கொடுத்தார். நாண் இழுக்க இழுக்கத் தோளும் முதுகும் உரம் பெற்றன; சக்கர நாற்காலியில் சாயாமல் நிமிர்ந்து உட்கார முடிந்தது. விளையாட்டு அங்கே மருந்தாகவே நுழைந்தது.

1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், அந்த மருத்துவமனை வளாகத்தில் போரில் காயம்பட்ட படையினர் 16 பேர் வில்வித்தைப் போட்டியில் இறங்கினார்கள். இருவர் பெண்கள். 1952இல் நெதர்லாந்தின் முன்னாள் படைவீரர்களும் சேர்ந்துகொண்டார்கள். 1960இல் ரோமில் 23 நாடுகள், சுமார் 400 பேர். அதுவே முதல் பாராலிம்பிக்.

இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கமும் ஒரு படைவீரர் வென்றதுதான். மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் பிறந்த முரளிகாந்த் பேட்கர், ராணுவத்தில் குத்துச்சண்டை வீரர். 1965 இந்திய-பாகிஸ்தான் போரில் குண்டுகள் பாய்ந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். சிகிச்சைக்காக நீச்சல் குளத்தில் இறங்கியவர், 1972இல் ஹைடல்பர்க்கில் 50 மீட்டரை 37.33 விநாடியில் நீந்தித் தங்கம் வென்றார். நாட்டின் அடுத்த தங்கத்துக்கு 2004 வரை, தேவேந்திர ஜஜாரியா ஈட்டி எறியும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. பேட்கருக்குப் பத்மஸ்ரீ கிடைத்ததோ 2018இல்.

படைவீரர்கள் திறந்த இந்தக் கதவு வழியாகத்தான் சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு போன்றவர்களும் வந்தார்கள். ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என மூன்று பாராலிம்பிக்கிலும் உயரம் தாண்டுதலில் பதக்கம் பெற்றார் அவர்.

அதே பாரிஸில், 2002இல் கண்ணிவெடியில் இடது காலை இழந்த நாகாலாந்து ராணுவ வீரர் ஹொகாடோ செமாவும் குண்டு எறிதலில் வெண்கலம் வென்றார். குட்மானின் வைத்தியம் இன்றும் பலிக்கிறது. ராணுவ மருத்துவமனைகளோடு அது நின்றுவிடக் கூடாது. சாலை விபத்தில் தண்டுவடம் முறிந்து நம் மாவட்ட மருத்துவமனைக்கு வரும் இளைஞனுக்கும், மருந்துச் சீட்டோடு ஒரு பந்தும் பயிற்சியாளரும் கிடைக்க வேண்டும்.