மாதரி மனையும் மதுரை விடுதிகளும்



சித்திரைத் திருவிழாவின்போது மதுரையில் ஓர் இரவு தங்க இடம் தேடுவோர் படும் பாட்டை நீங்கள் அறிவீர்கள். அண்மைக்காலம் வரையில் அவர்கள் சத்திரத்தையோ விடுதியையோதான் நாடினர். இப்பொழுதோ, கைபேசியில் பார்த்து, முன்பின் அறியாத ஒருவர் வீட்டு மாடியை நாள் வாடகைக்கு அமர்த்திக்கொள்வோரும் உளர். விடுதித் தொழிலுக்கும் வாடகை வீட்டுக்கும் இவ்வாறு எழுந்துள்ள போட்டி முற்றிலும் புதியதுதானா? வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

மதுரைக்கு வந்த கோவலனையும் கண்ணகியையும் கவுந்தியடிகள் மாதரி என்னும் ஆயர்குல மூதாட்டியிடம் அடைக்கலமாக ஒப்புவித்தார். மாதரி வாடகை பெற்றாள் அல்லள்; ஆயினும் அவள் ஏற்ற பொறுப்போ பெரிது. கோவலன் கொலையுண்ட பின்னர், அடைக்கலம் காக்கத் தவறினோமே என்று வருந்தி அவள் தீயில் வீழ்ந்து மாண்டாள் எனச் சிலப்பதிகாரம் கூறுகிறது. காப்பியச் செய்தியே எனினும், வந்தவர்பால் மனைக்குரியோர் கொண்ட கடமையை நம் முன்னோர் எத்துணைப் பெரிதாக மதித்தனர் என்பதற்கு இது சான்றாகும்.

வழிப்போக்கர் பெருகவே, தனி மனைகள் போதவில்லை, சத்திரங்கள் எழுந்தன. 1689 முதல் மதுரை நாட்டை ஆண்ட இராணி மங்கம்மாள் சாலைகள் அமைத்தார், சத்திரங்களும் கட்டுவித்தார். மானியமாக விடப்பட்ட நிலங்களின் வருவாயே பொதுவாகச் சத்திரங்களைத் தாங்கிற்று. வழிப்போக்கருக்கு நிழல் தருவது அறம் எனக் கருதப்பட்டதேயன்றி, வாணிகமாகக் கருதப்படவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறிற்று. கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் மதுரைக் கோட்டை மதில் இடிக்கப்பட்டு, அகழி தூர்க்கப்பட்டு, புதிய வீதிகள் தோன்றின. 1875-இல் இரயில் வந்தது. அதன் நிலையமோ மங்கம்மாள் சத்திரத்திற்கு நேர் எதிரே அமைந்தது! நாள்தோறும் வந்திறங்கிய வணிகரும் அலுவலரும் யாத்திரிகரும் தனியறையும் பூட்டும் சாவியும் வேண்டினர். அதற்குப் பணம் தரவும் இசைந்தனர். மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியிலும் டவுன் ஹால் ரோட்டிலும் காலப்போக்கில் விடுதிகள் நிறைந்தன. அன்று சத்திரத்தோடு போட்டியிட்டு வென்றது விடுதி. இன்று அவ்விடுதியோடு வீடு போட்டியிடுகிறது.

அமெரிக்க நாட்டின் சான் பிரான்சிஸ்கோவில் 2008-இல் தொடங்கிய ஏர்பிஎன்பி நிறுவனம் வீடுகளை உலகச் சந்தைக்குக் கொணர்ந்தது. குடும்பத்தோடு வருவோர்க்குச் சமையலறையும் கூடமும் கிடைக்கின்றன. வீட்டுக்காரருக்கும் சிறு வருவாய் உண்டு. விடுதிக்காரர் கூறும் குறையிலும் நியாயம் இருக்கிறது. உரிமம், தீத்தடுப்பு, வரி, தங்குவோர் பதிவேடு ஆகிய சுமைகளை ஒருவர் தாங்க, மற்றவர் அவற்றைத் தாங்காமலே தொழில் நடத்துவது நேரிய போட்டியாகுமா? குடியிருக்க வீடு தேடுவோர் நிலையையும் எண்ணல் வேண்டும். நாள் வாடகை மிகுதியாயின், மாத வாடகைக்கு வீடு விடுவோர் குறைவர்.

நியூயார்க் நகரம் 2023 முதல், முப்பது நாளுக்குக் குறைவாக வீட்டை விடுவோர் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றும், விருந்தினர் தங்கும்போது தாமும் அவ்வீட்டில் இருக்க வேண்டும் என்றும் விதித்தது. நம் நடுவண் அரசின் இல்லத்தங்கல் திட்டமும் ஒன்று முதல் ஆறு அறைகள் வரை விட இசைவளித்து, உரிமையாளர் குடும்பத்தோடு அங்கேயே வாழ வேண்டும் என்கிறது. இவ்விதிகளின் உட்பொருள் யாது? விருந்தினருக்குத் தீங்கு நேர்ந்தால் விடை சொல்ல ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும் என்பதே.

மாணவர்களே, மாதரியின் மனையில் பொறுப்பு இருந்தது, வாணிகம் இல்லை. இன்றைய வீடுகளில் வாணிகம் புகுந்துவிட்டது, அது குற்றமன்று. ஆனால் அதனோடு பொறுப்பும் புகுதல் வேண்டும். வீடாயினும் விடுதியாயினும், வந்தவர் அச்சமின்றிக் கண்ணுறங்கும் இடமே நிலைபெறும். தங்குமிடங்களின் வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.