மணிலா வெள்ளியும் வண்டலூர் வகுப்பறையும்

கிண்டி வழியாகத் தாம்பரம் போகும் பேருந்துகள் சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்கின்றன. மறைமலையடிகள் பாலம் என்று இன்று அதற்குப் பெயர். பாலத்தின் ஓரத்தில், யாரும் நின்று பார்க்காத பழைய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 1726-இல் இதே இடத்தில் முதல் பாலம் எழுந்ததற்கு மிஞ்சியிருக்கும் சாட்சி அது. மர்மலாங் பாலம் என்று அழைக்கப்பட்ட அதைச் சொந்தச் செலவில் கட்டியவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். பரங்கிமலை உச்சியில் உள்ள மாதா கோயிலுக்கு ஏறும் படிகளைக் கட்டியவரும் அவரே. பாரசீகத்தின் ஜூல்ஃபாவில் பிறந்து, 1720-களில் மெட்ராஸில் நிலைகொண்டவர். அவர் செல்வத்தின் பெரும்பகுதி ஸ்பானியர்கள் ஆண்ட மணிலாவில் சம்பாதித்தது.

இன்று இதே சாலையில் தெற்கே போனால், வண்டலூரிலும் காட்டாங்குளத்தூரிலும் பொறியியல் மாணவர்கள் அயல்மொழிப் பாடங்கள் படிக்கிறார்கள். அவற்றில் ஸ்பானியமும் ஒன்று. இந்த வட்டாரத்துக்கு ஸ்பானிய மொழியால் வரும் வருமானம் நேற்று முளைத்தது என்று பலரும் நினைக்கிறார்கள். அது முந்நூறு ஆண்டுப் பழசு. அன்றைக்கு அந்த மொழியை ஊரில் யாரும் வகுப்பில் உட்கார்ந்து படிக்கவில்லை, அவ்வளவுதான்.

மெட்ராஸ் வியாபாரிக்கு மணிலா என்பது மெக்சிகோவின் புழக்கடை வாசல். 1565 முதல் 1815 வரை, பெரும்பாலும் ஆண்டுக்கு ஒன்றிரண்டு பெரிய ஸ்பானியக் கப்பல்கள் அகபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே பசிபிக்கைக் கடந்தன. வரும்போது வெள்ளி. போகும்போது சீனப் பட்டும் வாசனைப் பொருள்களும் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியும். ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் மணிலாவில் வணிகம் செய்யக் கூடாது என்பது ஸ்பெயினின் கட்டளை. புனித ஜார்ஜ் கோட்டையில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர்களோ சொந்த வியாபாரத்தில் கொழிப்பதற்காகவே கப்பலேறி வந்தவர்கள். கட்டளைக்கெல்லாம் அசருவார்களா? முதல் அவர்களுடையது, சரக்கு அவர்களுடையது. கப்பலின் கொடியும் தலைவனின் பெயரும் மட்டும் ஆர்மீனியர் கணக்கிலோ முஸ்லிம்கள் கணக்கிலோ போர்ச்சுகீசியர் கணக்கிலோ இருந்தன. மணிலா அதிகாரிகளுக்கு இது தெரியாமலில்லை. துணி வேண்டியிருந்தது, கண்ணை மூடிக்கொண்டார்கள்.

திரும்பி வந்த வெள்ளி மெட்ராஸ் நாணயசாலையில் உருகி ரூபாயானது. பிற்காலத்தில் உருக்கும் வேலையைக்கூட மிச்சம் பிடித்திருக்கிறார்கள். 1808 வாக்கில் வெளிவந்த அரை வராகன் வெள்ளிக் காசில் ஒரு பக்கம் கோயில் கோபுரம், மறுபக்கம் திருமால். ஸ்பானிய டாலரின் மேலேயே அச்சை அழுத்தி அடித்த காசுகளும் இவற்றில் உண்டு. கோபுரத்துக்கு அடியில் பழைய ஸ்பானிய எழுத்தின் தடயம் தெரிகிற காசு கிடைத்தால் நாணயம் சேகரிப்பவர்கள் விடமாட்டார்கள்.

இத்தனை கொடுக்கல் வாங்கலையும் எந்த மொழியில் நடத்தினார்கள்? சோழமண்டலக் கரைத் துறைமுகங்களில் அப்போது பொதுமொழி ஓரளவு சிதைந்த போர்ச்சுகீசியம். 1522 முதலே மயிலாப்பூரில் போர்ச்சுகீசியர் இருந்தார்கள். பரங்கிமலை மாதா கோயில் 1523-இல் அவர்கள் கட்டியது. இந்தியாவுக்கு வரும் ஆங்கிலப் பாதிரிமார் ஓராண்டுக்குள் போர்ச்சுகீசியம் கற்க வேண்டும் என்று 1698-ஆம் ஆண்டுப் பட்டயமே விதித்தது. உள்ளூர்ப் பக்கத்தில் துபாஷிகள் இருந்தார்கள். மொழியையே முதலாக வைத்துத் தொழில் நடத்தியவர்கள் அவர்கள். பெரம்பூரில் 1709-இல் பிறந்து, புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாகி, கால் நூற்றாண்டு நாட்குறிப்பு எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளை அந்த வர்க்கத்தின் புகழ்பெற்ற பிரதிநிதி. நெசவாளரிடம் தமிழோ தெலுங்கோ, கோட்டையில் போர்ச்சுகீசியமோ ஆங்கிலமோ, மணிலாத் துறையில் ஆர்மீனியரின் வாய். இப்படிக் கை மாறிக் கை மாறித்தான் காரியம் நடந்தது. ஸ்பானியம் தெரிந்த இடைத்தரகர் இருக்கும்வரை அதைத் தானே கற்க வேண்டிய அவசியம் மெட்ராஸில் யாருக்கும் ஏற்படவில்லை. லாபத்தில் ஒரு பங்கு தரகருக்குப் போனது. சைதாப்பேட்டைக்குப் பாலம் கிடைத்தது அந்தப் பங்கிலிருந்துதான்.

விதிவிலக்காக ஒருவர் கிடைக்கிறார்.

அலெக்சாண்டர் டால்ரிம்பிள் 1753-இல், பதினாறு வயதை எட்டும் பருவத்தில், கம்பெனியின் எழுத்தராக மெட்ராஸ் வந்தார். கடைநிலை உத்தியோகம். கோட்டையின் பழைய ஆவணங்களைப் புரட்டியபோது கிழக்குத் தீவுகளின் வணிகத்தில் அவருக்கு ஆர்வம் பிடித்துக்கொண்டது. 'கடலூர்' என்ற சிறு கப்பலில் கிளம்பி, 1761-இல் இன்றைய பிலிப்பைன்ஸின் தெற்கில் உள்ள சூலு சுல்தானுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு வந்தார். மறு ஆண்டு போர். ஸ்பெயினுக்கு எதிராக மெட்ராஸிலிருந்தே ஒரு படை புறப்பட்டது: தளபதி வில்லியம் டிரேப்பர், கடற்படைத் தலைவர் சாமுவேல் கார்னிஷ், கூடவே மெட்ராஸ் சிப்பாய்கள். 1762 அக்டோபர் தொடக்கத்தில் மணிலா வீழ்ந்தது. மெட்ராஸ் கவுன்சிலைச் சேர்ந்த டாசன் டிரேக் அதன் ஆளுநரானார். 1764-இல் நகரை ஸ்பெயினிடம் திருப்பிக் கொடுக்கும் சமயத்தில், கொஞ்ச காலம் அந்தப் பொறுப்பு டால்ரிம்பிளிடமும் வந்தது. படையோடு போன சிப்பாய்களில் சிலர் திரும்பவே இல்லை. மணிலாவுக்கு அருகே உள்ள கைந்தா ஊரில், தங்கள் முன்னோர் இந்தச் சிப்பாய்கள்தான் என்று சொல்லும் குடும்பங்கள் இன்றும் உண்டு. அங்கே தங்கிவிட்டவர்கள் ஊர்ப் பேச்சை வாழ்ந்தே கற்றிருப்பார்கள். அவர்களுக்கு யாரும் சான்றிதழ் தரவில்லை.

டால்ரிம்பிள் ஸ்பானியக் கடலோடிகளின் பழைய பயண ஆவணங்களைத் தேடித் தேடிப் படித்தார். நியூகினிக்குத் தெற்கே லூயிஸ் வாஸ் டி டோரஸ் 1606-இல் ஒரு நீரிணையைக் கடந்திருக்கிறார் என்பதை அவற்றிலிருந்து பிடித்தார். அந்த வழியைக் காட்டும் அவருடைய சிறுநூல் இயற்கையியலாளர் ஜோசப் பேங்க்ஸ் கையில் கிடைத்து, கேப்டன் குக்கின் 'எண்டவர்' கப்பலில் போனது. 1770-இல் குக் அந்த நீரிணையைக் கடந்தார். டோரஸ் நீரிணை என்ற பெயர் டால்ரிம்பிள் வைத்தது. ஸ்பானியப் பயணங்களை மொழிபெயர்த்துத் தொகுத்த அவருடைய நூல் 1770–71-இல் வெளிவந்தது. 1779-இல் கம்பெனியின் கடல் வரைபட அதிகாரி, 1795-இல் பிரிட்டிஷ் கடற்படையின் முதல் கடல் வரைபடத் தலைவர். மெட்ராஸில் எழுத்தராகச் சேர்ந்த ஒரு பையனை இந்த உயரத்துக்கு ஏற்றியதில் ஸ்பானியத்துக்குக் கணிசமான பங்கு உண்டு. தன் துறைக்கு என்ன தேவையோ அதற்காக அவர் அதைப் படித்தார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மொழியையும் சம்பளத்தையும் கம்பெனி முறைப்படி இணைத்தது 1812-இல், கம்பெனி அதிகாரி எல்லிஸ் முன்னின்று தொடங்கிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில். புதிதாக வரும் ஆங்கில உத்தியோகஸ்தர்கள் தமிழ், தெலுங்கு போன்ற மொழிகளைக் கற்றார்கள். தேர்ச்சிக்கு ஏற்பச் சம்பளம் உயர்ந்தது. ஸ்பானியத்துக்கு அங்கே வேலையில்லை. மூன்றே ஆண்டில் அகபுல்கோ கப்பலும் நின்றுபோனது. அடுத்த நூறாண்டுக்கு மேல், உத்தியோகம் வேண்டிய தமிழருக்கு ஒரே அயல்மொழி ஆங்கிலம்.

கணினிக் காலத்துக்கு முன் தாம்பரம் இந்தக் கதைக்குள் ஒரே ஒரு முறை தலைகாட்டுகிறது. 1931-இல் கடற்கரையிலிருந்து மின்சார ரயில் வந்தது. 1937-இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டு இங்கே குடிபெயர்ந்தது. மறு ஆண்டு டிசம்பரில் அந்தப் புதிய வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியது. 470 பேர் போல வந்தார்கள்; லத்தீன் அமெரிக்கப் பிரதிநிதிகளும் அவர்களில் இருந்தார்கள். கூட்டம் கலைந்ததோடு சரி.

சுதந்திரத்துக்குப் பிறகு சென்னையில் அயல்மொழி என்றால் பிரெஞ்சு. 1953-இல் தொடங்கிய அலியான்ஸ் பிரான்சேஸ் ஒரு காரணம் என்றாலும், பள்ளி கல்லூரிகளில் அதை எடுத்த பலருடைய காரணம் அத்தனை இலக்கியமானது அல்ல: தமிழைவிட மதிப்பெண் தாராளமாக விழும். 2006-இல் வந்த தமிழ் கற்பித்தல் சட்டம் பள்ளிகளில் தமிழைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியபோது அந்தக் கணக்கு குலைந்தது. அதற்குள் வேறொரு கணக்கு தொடங்கியிருந்தது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் என்று கார் ஆலைகள் வர, கொரியமும் ஜப்பானியமும் வேலை வாங்கித் தரும் மொழிகளாயின.

ஸ்பானியம் வந்தது ஆலை வழியாக அல்ல, கணினி வழியாக. 1984-இல் தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம், 2000-இல் தரமணியில் டைடல் பார்க், பிறகு பழைய மகாபலிபுரம் சாலை நெடுகக் கண்ணாடிக் கட்டடங்கள். வாடிக்கையாளர் அமெரிக்காவில் இருந்தாலும் அவருடைய வாடிக்கையாளர் பல சமயம் மெக்சிகோவிலோ கொலம்பியாவிலோ இருந்தார். 2002-இல் டிசிஎஸ், உருகுவே நாட்டின் மான்டிவிடியோவில் தன் மையத்தைத் திறந்தது. கூடுவாஞ்சேரிக்குப் பக்கத்தில் இருந்து இயங்கும் மென்பொருள் நிறுவனமான ஜோஹோவும் மெக்சிகோவின் கெரெத்தாரோவில் அலுவலகம் வைத்திருக்கிறது. (ஜோஹோ இருக்கும் வளாகத்துக்கு எஸ்டான்சியா என்று பெயர், ஸ்பானியச் சொல்தான், வைத்தவர்கள் எதை நினைத்து வைத்தார்களோ!)

வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் 2010-இல் வந்த விஐடி சென்னை வளாகத்தின் பாடப்பட்டியலில், 'எஸ்பஞோல் ஃபுண்டமென்தால்' என்ற பெயரில் அடிப்படை ஸ்பானியம் இரண்டு கிரெடிட் பாடமாக இடம்பெற்றது. தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது, எண்கள், நாள் கிழமை, குடும்பம், நிகழ்கால வினைகள் என்கிற அளவிலான பாடம். தமிழ் மாணவருக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. வினையின் விகுதியே ஆளைச் சொல்லிவிடுவதால் எழுவாய் தேவைப்படாத பழக்கம் அவருக்குப் புதிதல்ல. ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் தடுமாறும் இடத்தை இவர் எளிதில் தாண்டுகிறார். பொருள்களுக்கெல்லாம் ஆண்பால் பெண்பால் பார்க்கும் இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்.

ஒரு பருவத்தின் இரண்டு கிரெடிட்டில் கிடைப்பது அதிகம் போனால் ஐரோப்பிய மொழித் தகுதிப் படிநிலையின் முதல் படியான ஏ1. ஸ்பானிய மொழி வாடிக்கையாளரின் மின்னஞ்சலைப் படித்துப் பதில் எழுதும் வேலைக்குக் குறைந்தது நான்காம் படியான பி2 வேண்டும். அதற்குச் சில நூறு மணி நேரப் படிப்பு தேவை. 1988-இல் ஸ்பெயின் கொண்டுவந்த தேலே தேர்வுதான் இதற்கு உலகம் ஒப்புக்கொள்ளும் அளவுகோல். அதை நடத்தும் செர்வாந்தெஸ் நிறுவனம் 2009-இல் டெல்லியில் கிளை திறந்தது. ஸ்பானியத்திலேயே பட்டம் வேண்டுமென்றால் டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம், ஹைதராபாத்தின் ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகமான இஃப்லு மாதிரியான இடங்களுக்குப் போக வேண்டும். தென்சென்னையில் இருந்துகொண்டே முழுமையாகப் படிப்பது இன்னும் சிரமம்தான். நிறுவனங்களுக்கும் இதில் பெரிய அவசரமில்லை. மான்டிவிடியோவிலும் கெரெத்தாரோவிலும் அந்த மொழியிலேயே பிறந்தவர்களை வேலைக்கு எடுத்துக்கொள்ள முடிகிறதே! உஸ்கானின் இடம் காலியாகவில்லை, முகவரிதான் மாறியிருக்கிறது.

இங்கே ஸ்பானியம் தெரிந்தவருக்குக் கிடைக்கும் வேலை பெரும்பாலும் பேச்சு வேலையும் அல்ல. இன்வாய்ஸ் சரிபார்ப்பது, காப்பீட்டுக் கோரிக்கையைப் படித்து வகைப்படுத்துவது, மென்பொருளின் உதவிப் பக்கங்களைத் திருத்துவது மாதிரியானவை. அங்கே கேட்கப்படும் ஸ்பானியம் குடும்பத்தை அறிமுகப்படுத்தும் ஸ்பானியம் இல்லை. ஸ்பெயினிலிருந்து வரும் பில்லில் ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளியும் தசமத்துக்குக் காற்புள்ளியும் இருக்கும். மெக்சிகோ பில்லில் நம்மூரைப் போலத் தசமத்துக்குப் புள்ளி. நம் ஜிஎஸ்டிக்கு நிகரான வரி இரண்டு நாட்டிலும் ஐவிஏ என்ற பெயரில் நிற்கும். விகிதம் வேறு, விதி வேறு. அடிப்படைப் பாடத்திட்டத்தில் இதற்கெல்லாம் இடமில்லை. வேலையில் சேர்ந்த பிறகு, ஒரு பில் தப்பாகப் போய்த் திரும்பி வந்ததும், டீம் லீடர்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருகிறார்.