கணக்கில் வராத குடாநாடு: யாழ்ப்பாணத்தில் முன்னேற்றத்தை அளந்த வரலாறு

1990ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் தனது முதலாவது மனித அபிவிருத்தி அறிக்கையை வெளியிட்டது. பாகிஸ்தானியப் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக் முன்னின்று, அமர்த்தியா சென் போன்றோரின் துணையோடு ஆக்கிய அந்த அறிக்கை, ஒரு நாட்டின் முன்னேற்றத்தைத் தலா வருமானத்தால் மட்டும் அளப்பது போதாது, ஆயுளையும் கல்வியையும் சேர்த்தே அளக்க வேண்டும் என்று வாதிட்டது. குறைந்த வருமானத்தோடு நீண்ட ஆயுளையும் உயர்ந்த எழுத்தறிவையும் எட்டிய நாடு என்று உலகம் அப்போது எடுத்துக்காட்டியவற்றுள் இலங்கை முதன்மையானது. அதே ஆண்டு யூன் மாதத்தில் வடக்கில் மீண்டும் போர் மூண்டது. ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். 1990/91இல் நடந்த வீட்டலகு வருமான செலவின ஆய்வு வடக்கையும் கிழக்கையும் விட்டுவிட்டு நடந்தது. மனித முன்னேற்றத்தை அளக்கும் புதிய கருவி உலகின் கைக்கு வந்த அதே வேளையில், அந்தக் கருவியின் பார்வையிலிருந்து யாழ்ப்பாணக் குடாநாடு விலகிப்போனது. இதற்குப் போரை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம். குடாநாட்டில் இரு வகை அளவைகள் வளர்ந்து வந்தன. ஒன்று, ஊரோடு ஒட்டி அன்றாடம் எழுதப்படும் பதிவேடு. மற்றது, தலைநகரிலிருந்து சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் மாதிரி ஆய்வு. போரில் முன்னது தட்டுத்தடுமாறியேனும் நிலைத்தது, பின்னது நின்றுபோனது. உலகச் சுட்டெண்களோ பின்னதையே பெரிதும் நம்பின.

பதிவேட்டின் வரலாறு இங்கே நீண்டது. 1816இல் வந்த அமெரிக்க மிஷன் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியையும் அடுத்த ஆண்டில் உடுவில் பெண்கள் பாடசாலையையும் தொடங்கியது. எத்தனை பாடசாலைகள், எத்தனை மாணவர், அவர்களுள் பெண்பிள்ளைகள் எத்தனை பேர் என்று பொஸ்ரனிலிருந்த தலைமையகத்துக்கு ஆண்டுதோறும் கணக்கு அனுப்ப வேண்டிய கடமை அவர்களுக்கு இருந்தது. 1847இல் வந்து மானிப்பாயில் மருத்துவமனை நடத்தி, தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீனும் அந்த மரபில் வந்தவரே. நன்கொடை தருவோரை நம்பவைக்க எழுதப்பட்ட கணக்குகள் அவை. அந்தச் சார்பை மறக்கக் கூடாது. ஆனாலும் ஒரு பெண்பிள்ளை பள்ளிக்கு வந்தாளா இல்லையா என்பது எண்ணிப் பார்க்கத் தக்க பொருள் என்ற எண்ணம் குடாநாட்டில் வேரூன்றியதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. 1867இல் பிறப்பு இறப்புப் பதிவுக்கான சட்டமும், 1871இல் நாடளாவிய பத்தாண்டுக் குடிசன மதிப்பீடும் வந்தன. 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டுக்குத் தலைமை தாங்கியவர் மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்ட பொன்னம்பலம் அருணாசலம். தலைகளை எண்ணுவதோடு நில்லாமல் மக்களின் வரலாறு, மொழி, சமயம், நோய், கல்வி ஆகியவற்றையும் ஆராய்ந்த அவருடைய அறிக்கை, ஆட்சியாளரின் வரிக்கணக்காக இருந்த ஒன்றை ஒரு சமூகம் தன்னைத் தானே அறியும் ஆவணமாக உயர்த்தியது. யாழ்ப்பாண மாவட்டத்தில் அப்போது ஏறத்தாழ 300,000 பேர் வாழ்ந்தனர்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்தக் கணக்குகள் பொதுநலச் சேவையோடு கைகோத்தன. இலங்கையில் 1946இல் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 141 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. அடுத்த ஆண்டில் அந்த எண் 101 ஆகக் குறைந்தது. மலேரியாவை ஒடுக்கிய டீடீரீ மருந்துக்கு இதில் பெரும்பங்கு உண்டு என்பர். எந்த அளவு என்பது பற்றி அறிஞரிடையே நெடிய விவாதம் நடந்தது. அந்த விவாதம் நடப்பதற்கே பிறப்பும் இறப்பும் ஊர்தோறும் பதியப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? அந்தப் பதிவின் வேரில் இருப்பவர் மருத்துவமாது. இன்று குடும்பநல உத்தியோகத்தர் என்று அழைக்கப்படும் இவர், தம் பிரிவில் மணமாகிக் குழந்தை பெறும் வயதிலுள்ள ஒவ்வொரு குடும்பத்தையும் ஓர் ஏட்டில் பதிகிறார். கர்ப்பம் தரித்த நாள், தாயின் நிறை, இரத்த அழுத்தம், தடுப்பூசி, பிறந்த குழந்தையின் நிறை என்று ஒவ்வொன்றும் வீட்டு முற்றத்தில் வைத்தே எழுதப்படுகிறது. குழந்தையின் நிறைக்கோடு வளர்ச்சி அட்டையில் கீழே வளைந்தால், அறிக்கை கொழும்புக்குப் போகும் முன்பே அவருடைய சைக்கிள் அந்த வீட்டுப் படலைக்கு வந்துவிடும். 1979இல் மொறிஸ் டேவிட் மொறிஸ் எழுத்தறிவு, சிசு மரணம், ஒரு வயதில் எதிர்பார்க்கும் ஆயுள் ஆகிய மூன்றையும் கொண்டு பௌதிக வாழ்க்கைத் தரச் சுட்டெண்ணை உருவாக்கியபோதும், 1981இல் சென் இலங்கையின் பொதுநலச் செலவின் பயனைப் பற்றி எழுதியபோதும், அவர்கள் கையாண்ட எண்களின் அடியில் இத்தகைய ஏடுகளே கிடந்தன.

எண்ணுக்கு அதிகாரம் வந்தபின் அது காயப்படுத்தவும் செய்யும். 1945இல் தொடங்கிய இலவசக் கல்வியின் பயனைக் குடாநாடு நன்றாகவே பெற்றது. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்கு முதலில் மொழிவழித் தரப்படுத்தலும், 1974இல் மாவட்டக் குடித்தொகைக்கு ஏற்ற ஒதுக்கீடும் வந்தன. அதனால் யாழ்ப்பாண மாணவர் பட்ட பாதிப்பும் அதிலிருந்து பிறந்த அரசியலும் பலமுறை எழுதப்பட்டவை. அவ்வளவாக எழுதப்படாத பக்கம் ஒன்றும் உண்டு. ‘முன்னேறிய மாவட்டம்’ என்ற முத்திரையை மாவட்டச் சராசரி கொடுத்தது. அந்தச் சராசரியின் மேற்பாதியை நகரத்தினதும் வலிகாமத்தினதும் வடமராட்சியினதும் பெரிய கல்லூரிகள் நிரப்பின. நெடுந்தீவில் குறிகாட்டுவான் படகை நம்பியிருந்த பிள்ளைக்கும், மருதங்கேணியின் மணற்பாதையில் நடந்த பிள்ளைக்கும் அந்த முத்திரையில் பங்கில்லை. அதனால் வந்த இழப்பில் மட்டும் பங்கிருந்தது. சாதியின் நிலையும் இதுவே. 1920களின் இறுதியில் பாடசாலைகளில் சம ஆசனம் கோரிப் போராடியவர்களின் பேரப்பிள்ளைகள் எவ்வளவு கற்றார்கள், எவ்வளவு நிலம் வைத்திருக்கிறார்கள் என்பதை இலங்கையின் எந்தக் குடிசன மதிப்பீட்டு அட்டவணையும் சொல்வதில்லை, ஏனெனில் அந்தக் கேள்வி கேட்கப்படுவதில்லை. குடாநாட்டின் கல்விப் பெருமையைப் பேசும் நாம் இந்த மௌனத்தையும் சேர்த்தே பேசக் கடமைப்பட்டவர்கள்.

1981 மார்ச்சில் எடுக்கப்பட்ட குடிசன மதிப்பீட்டில், பின்னர் தனி மாவட்டமான கிளிநொச்சியை நீக்கிப் பார்த்தால், யாழ்ப்பாண மாவட்டத்தில் 738,788 பேர் இருந்தனர். அதன்பின் முழுமையான எண்ணிக்கைக்கு 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1991இல் நாட்டில் எங்கும் குடிசன மதிப்பீடு நடக்கவில்லை. 2001இல் பதினெட்டு மாவட்டங்களில் மட்டுமே முழுமையாக நடந்தது. 1990/91, 1995/96, 2002 ஆண்டுகளின் வருமான செலவின ஆய்வுகள் வடக்கையும் கிழக்கையும் விட்டன. 2006/07இல் வடமாகாணமும் திருகோணமலையும் விடுபட்டன. தாய்சேய் நலத்தை அளக்கும் குடித்தொகை, சுகாதார ஆய்வு இருபத்தைந்து மாவட்டங்களையும் உள்ளடக்கியது 2016இல்தான். இந்தக் காலத்திலேயே மிலேனிய அபிவிருத்தி இலக்குகள் வகுக்கப்பட்டு, அவற்றை இலங்கை எவ்வளவு எட்டியது என்று அறிக்கைகள் எழுதப்பட்டன. அட்டவணைகளின் அடியில் ‘வடக்கு, கிழக்கு நீங்கலாக’ என்ற குறிப்பு இருந்தது. அட்டவணை அறிக்கையாகி, அறிக்கை உலகத் தரவரிசையாகி, தரவரிசை மேடைப்பேச்சாகும்போது அந்தச் சிறிய எழுத்துக் குறிப்பு எங்கோ உதிர்ந்துவிட்டது. இடம்பெயர்ந்தவர்களையும், மின்சாரமும் மருந்தும் இன்றி ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர்களையும் விட்டுவிட்டுக் கூட்டிய சராசரி, நாட்டின் சராசரி என்ற பெயரையே தாங்கி உலாவியது.

போர்க்களத்தில் எவர் வீடுவீடாகப் போய்ச் செலவுக்கணக்குக் கேட்க முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விட்டதை விட்டதாகக் குறிப்பிட்ட திணைக்கள உத்தியோகத்தர்களின் நேர்மையில் குறைகாண இடமில்லை. ஆனால், ஆய்வு செய்ய முடியவில்லை என்பதற்குத் தரவே இல்லை என்று பொருளாகாது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் பெயர்ந்து தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நகர்ந்தபோதும் விதானைமார் எனப்படும் கிராம அலுவலர்கள் நிவாரணப் பட்டியல் எழுதினார்கள், மாவட்டச் செயலகமான கச்சேரி அவற்றைத் தொகுத்தது, மருத்துவமாதுகள் கர்ப்பிணிகளைத் தேடிப் போனார்கள். புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளிலும் அரச ஊழியர்கள் இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். இந்த ஏடுகளைத் தேசியக் கணக்கோடு இணைக்கும் வழிமுறையைக் கொழும்பும் வகுக்கவில்லை, ஐக்கிய நாடுகள் நிறுவனங்களும் வற்புறுத்தவில்லை. ஊர்ப்பதிவை ஒதுக்கியதன் விலை எவ்வளவு என்பதை அயலிலுள்ள வன்னி 2009இல் காட்டியது. போரின் இறுதிக்கட்டத்தில் அங்கே சிக்கியிருந்தவர்கள் ஒரு இலட்சத்துக்கும் குறைவு என்று அரசு சொன்னது. களத்தில் நின்ற அரச உத்தியோகத்தர்களின் கணக்கு அதைப்போல் பல மடங்காக இருந்தது. இறுதியில் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 290,000 பேர். உணவும் மருந்தும் சிறிய எண்ணுக்கு ஏற்பவே அனுப்பப்பட்டிருந்தன.

பதிவேடு ஊதிப்பெருக்கும் என்பது இன்னொரு மறுப்பு, இதை எளிதில் தள்ளிவிட முடியாது. நிவாரணம் பெயரைப் பொறுத்து வருமானால் போனவர்களின் பெயரும் ஏட்டில் தங்கும். வாக்காளர் இடாப்பில் நடந்ததே சான்று: புலம்பெயர்ந்தோர் பெயர்கள் நீங்கிப் பட்டியல் சீரானபோது, கிளிநொச்சியும் சேர்ந்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் நாடாளுமன்ற இடங்கள் 2010இல் இருந்த 9இலிருந்து 2015இல் 7ஆகவும் 2024இல் 6ஆகவும் குறைந்தன. ஆயினும் ஊதிய ஏட்டைத் திருத்த வழி உண்டு. நிவாரணப் பட்டியலைத் தடுப்பூசி ஏட்டோடும், அதைப் பாடசாலை வரவோடும் ஒப்பிட்டால் பொய்ப்பெயர்கள் பெரும்பாலும் வெளிப்படும். எடுக்கப்படாத மாதிரியை அப்படித் திருத்த முடியாது. மாதிரி எடுக்கப்பட்டாலும் அதன் பார்வைக்கு ஓர் எல்லை இருக்கிறது. நாடு முழுவதற்கும் ஏறத்தாழ 25,000 வீட்டலகுகளைப் பார்க்கும் ஆய்வில் ஒரு மாவட்டத்துக்குச் சராசரியாக ஆயிரம் வீடுகள்தான் விழும். 15 பிரதேச செயலகப் பிரிவுகளும் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் கொண்ட யாழ்ப்பாணத்தில் நெடுந்தீவின் வறுமையையும் நல்லூரின் வறுமையையும் தனித்தனியே நம்பகமாகச் சொல்ல அது போதாது.

குடாநாடு மீண்டும் கணக்குக்குள் வந்தபின் கிடைத்த வறுமை எண்கள் ஆறுதலாகவே தோன்றின. 2009/10இல் 16.1 சதவீதமாக இருந்த யாழ்ப்பாண மாவட்ட வறுமை 2012/13இல் 8.3 ஆகவும் 2016இல் 7.7 ஆகவும் குறைந்தது. நாட்டின் சராசரி அதே காலத்தில் 8.9, 6.7, 4.1 என்று இறங்கியது. ஆனால் 2016இன் வறுமைக்கோடு ஒருவருக்கு மாதம் 4,166 ரூபாய், அதாவது ஒரு நாளைக்கு 139 ரூபாய். 2019ஆம் ஆண்டு ஆய்வுக்கு வறுமைக்கோட்டையே புதிதாக வகுத்து 6,966 ரூபாயாக வைத்தபோது நாட்டின் வறுமை 14.3 சதவீதம் என்று வந்தது. மூன்றாண்டில் நாடு அவ்வளவு ஏழையாகிவிடவில்லை, கோடு உயர்ந்தது. குடாநாட்டுக்கே உரிய சிக்கலும் ஒன்று சேர்கிறது. இந்த ஆய்வு நுகர்வை அளக்கிறது. ரொறொன்ரோவிலிருந்தோ பாரிஸிலிருந்தோ சகோதரர் அனுப்பும் பணத்தில் வாங்கிய அரிசியும், சொந்தத் தோட்டத்து வெங்காயத்தை விற்று வாங்கிய அரிசியும் அதற்கு ஒன்றே. பணம் வரும் வீடும் வராத வீடும் ஒரே ஒழுங்கையில் இருக்கின்றன.

2015இல் வகுக்கப்பட்ட நிலைபேறான அபிவிருத்தி இலக்குகள் 17, அவற்றின் உப இலக்குகள் 169. இலங்கை 2017ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தால் இவற்றுக்கென ஒரு சபையையும் அமைத்தது. எவரையும் பின்னே விட்டுவிடுவதில்லை என்பது இந்த இலக்குகளின் வாக்குறுதி. குடாநாட்டின் கிணறு அந்த வாக்குறுதியைச் சோதிக்கிறது. வற்றாத ஆறு இல்லாத இந்த நிலத்தில் வடகீழ்ப் பருவமழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தேங்கும் நீரே குடிநீர், தோட்டநீர் எல்லாம். துலா போய் நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் செழித்தன. யூரியாவும் கூடவே இறங்கியது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று உலகச் சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதை 1980களின் ஆய்வுகளே காட்டின. கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை நைத்திரேற்று குறைக்கும். அது நிறமற்றது, மணமற்றது, கொதிக்கவைத்தாலும் போகாது. உலக அளவீட்டில் ‘பாதுகாப்பாகப் பேணப்படும் குடிநீர்’ என்ற தகுதிக்கு நீர் வளவுக்குள் இருக்க வேண்டும், வேண்டும்போது கிடைக்க வேண்டும், மலக்கிருமியும் முதன்மை இரசாயன மாசும் இல்லாதிருக்க வேண்டும். அந்த முதன்மை இரசாயனங்கள் ஆசனிக்கும் புளோரைட்டும் மட்டுமே. யாழ்ப்பாணத்தின் நைத்திரேற்று அந்தப் பட்டியலில் இல்லை. துப்புரவேற்பாட்டுக்கான இலக்கில் வெற்றியாக எண்ணப்படும் குழி மலசலகூடம், இரண்டு பரப்புக் காணியில் கிணற்றுக்கு அருகே வெடித்த சுண்ணக்கல்லில் தோண்டப்படும்போது, அந்த வெற்றியே நீருக்கான இலக்கைக் கெடுக்கிறது. சுன்னாகத்தில் அனல்மின் நிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்த விவகாரத்தில் 2019இல் உச்சநீதிமன்றம் இரண்டு கோடி ரூபாய் நட்டஈடு விதித்தது. அந்த மாசையும் முதலில் கண்டவர்கள் வாளியில் மிதந்த எண்ணெயைப் பார்த்த ஊரவர்களே.

ஒவ்வோர் ஊருக்கும் ஒரு குறிகாட்டியைச் சேர்த்தால் நாடுகளை ஒப்பிடவே முடியாது போகும் என்பார்கள். ஒப்பீட்டுக்குப் பொதுவான சில குறிகாட்டிகள் வேண்டும் என்பது உண்மைதான். உலகப் பட்டியலை நீட்டும்படி நான் கேட்கவில்லை, அதன் கீழே ஊருக்கென்று ஒரு கட்டாய வரியை எழுதும்படி கேட்கிறேன். அதற்கான கைகள் ஏற்கெனவே இருக்கின்றன. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தம் பிரிவின் கிணறுகளுக்குப் போகிறார், மருத்துவமாது கைக்குழந்தை உள்ள ஒவ்வொரு வீட்டையும் அறிவார், நைத்திரேற்றை அளக்கும் ஆய்வுகூட வசதி குடாநாட்டிலேயே உண்டு. 2024இல் திறக்கப்பட்ட தாளையடிக் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரக்கூடியது. அதன் குழாய் எந்த ஊருக்கு முதலில் போக வேண்டும் என்ற கேள்விக்கு மாவட்டச் சராசரியில் பதில் இல்லை. எந்தக் கிணற்றில் 50 மில்லிகிராமைத் தாண்டியிருக்கிறது, அந்த வளவில் ஒரு வயது நிரம்பாத குழந்தை உண்டா என்ற இரண்டு நிரல்களை மருத்துவமாதுவின் ஏட்டில் அருகருகே எழுதினால், வரும் மாரிக்கு முன்பே பதில் கிடைக்கும்.