4294967297 (எண்)

4294967297 (429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 297) பத்து இலக்க ஒற்றைப்படை எண். இதன் மதிப்பு 2³² + 1. பெர்மா எண்களில் 3, 5, 17, 257, 65537 ஆகியவற்றை அடுத்து வருவது. அவ்வரிசையின் முதல் பகு எண்ணும் இதுவே.

வரலாறு

2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16, 32 என இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றுடனும் 1 கூட்டினால் கிடைப்பவை அனைத்தும் பகா எண்களே என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் பியர் த பெர்மா 1640-இல் கருதினார். முதல் ஐந்தும் அப்படித்தான் அமைந்தன. ஆறாவதான இவ்வெண் 641-ஆல் மீதியின்றி வகுபடுவதை லியோனார்டு ஆய்லர் 1732-இல் காட்டியதும் அக்கருத்து வீழ்ந்தது. தொடக்கத்தில் எத்தனை எடுத்துக்காட்டுகள் பொருந்தினாலும் அது நிறுவல் ஆகாது என்பதற்கு இது தலைசிறந்த சான்று.

காரணிகள்

4294967297 = 641 × 6700417. இரண்டும் பகா எண்கள்.

இவ்வெண்ணின் பகாக் காரணி எதுவாயினும், அது 64-இன் மடங்கைவிட 1 கூடுதலாக இருக்க வேண்டும் என ஆய்லர் பின்னர் நிறுவினார். அவ்வாறு அமையும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 எனச் செல்வதால், ஐந்தாவது முயற்சியிலேயே விடை கிடைத்துவிடும்.

வகுத்துப் பார்க்காமலும் இதை நிறுவலாம். 641 = 5 × 2⁷ + 1; மேலும் 641 = 5⁴ + 2⁴. முதல் சமன்பாட்டின்படி, 641-ஆல் வகுக்கும்போது 5 × 2⁷ என்பது −1-க்கு நிகர். எனவே அதன் நான்காம் அடுக்கான 5⁴ × 2²⁸ என்பது 1-க்கு நிகர். இரண்டாம் சமன்பாட்டின்படி 5⁴-க்குப் பதிலாக −2⁴ இட்டால், −2³² என்பது 1-க்கு நிகராகிறது. ஆகவே 2³² + 1-இல் மீதி எதுவும் இல்லை.

பிற பண்புகள்

இதை இரு வர்க்கங்களின் கூட்டலாக இரு வகையில் எழுதலாம்: 65536² + 1², 62264² + 20449². பகா எண்ணுக்கு இத்தகைய வடிவம் ஒன்றுக்கு மேல் இருக்காது. ஆகவே இது பகு எண் என்பதற்கு இந்த இரண்டாம் வடிவமே போதும்.

பெர்மாவின் சிறிய தேற்றத்தை 2-ஐ அடிமானமாகக் கொண்டு சோதித்தால் இவ்வெண் பகா எண்போலவே தேறிவிடும். எனவே இது ஒரு போலிப் பகா எண். அடிமானத்தை 3 ஆக்கினால் உண்மை வெளிப்பட்டுவிடும்.

முந்தைய ஐந்து பெர்மா எண்களின் பெருக்கற்பலன் 4294967295, அதாவது இதைவிட 2 குறைவு. கவராயமும் நேர்விளிம்பும் மட்டும் கொண்டு வரையத்தக்கவை என அறியப்பட்ட, ஒற்றைப்படைப் பக்கங்கள் உடைய ஒழுங்குப் பலகோணங்களில் மிகப் பெரியதன் பக்கங்கள் இத்தனை. ஆறாவது பெர்மா பகா எண் ஒன்று கிடைத்தால்தான் இந்த எல்லை விரியும். இதுவரை தன்மை உறுதிசெய்யப்பட்ட அடுத்தடுத்த பெர்மா எண்கள் யாவும் பகு எண்களே.