ராட்சச வருஷம்

ஏதாவது ஒரு வருஷத்தை எடுத்துக்கொண்டு, அதில் உலகம் முழுக்க என்னவெல்லாம் நடந்தது என்று பட்டியல் போட்டுப் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. தொழில் பழக்கம் என்றும் சொல்லலாம். நடுராத்திரியில் ஒரு சர்வர் படுத்துவிட்டால் நாங்கள் முதலில் செய்வது இதைத்தான். எல்லா மெஷின்களின் லாக்குகளையும் நேர வரிசைப்படி பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். சம்பந்தமே இல்லாதது போலத் தெரிந்த இரண்டு வரிகள் அப்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

1855ஐ எடுக்கவைத்தது செஞ்சி. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராத்தியர்களின் 12 கோட்டைகளை ஒரே தொகுப்பாக உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன, மிச்சமிருக்கும் ஒன்று நம்ம செஞ்சி. சரி, செஞ்சியை ஆண்டவர்களின் வாரிசுகள் கடைசியில் என்ன ஆனார்கள் என்று தேடிக்கொண்டு போனேன். இரண்டு வெவ்வேறு வம்சங்களின் கதை ஒரே மாதத்தில் வந்து நின்றது. 1855 அக்டோபர்.

அந்த வருஷத்தின் உலகப் பட்டியலை முதலில் பார்த்துவிடலாம். கிரிமியாவில் போர் நடக்கிறது. பல மாத முற்றுகைக்குப் பிறகு செப்டம்பரில் செவஸ்தபோல் விழுகிறது. அங்கே ரஷ்யத் தரப்பில் இளம் ராணுவ அதிகாரியாக இருந்த தல்ஸ்தோய் தன் செவஸ்தபோல் சித்திரங்களை எழுதிக்கொண்டிருக்கிறார். கருங்கடலுக்கு அடியில் கம்பி போட்டுப் போர்முனையைத் தந்தியால் இணைக்கிறார்கள். ஜூலையில் அமெரிக்காவில் வால்ட் விட்மன் தன் ‘புல்லின் இதழ்கள்’ முதல் பதிப்பைச் சொந்தக் காசில் போடுகிறார். பாரிஸில் பெரிய உலகக் கண்காட்சி நடக்கிறது. அலுமினியம் அங்கே விலை உயர்ந்த அதிசயப் பொருளாகக் காட்சிக்கு வைக்கப்படுகிறது. நவம்பரில் லிவிங்ஸ்டன் ஆப்பிரிக்காவில் ஒரு பெரிய அருவியைப் பார்த்து அதற்குத் தன் ராணியின் பெயரை வைக்கிறார். அந்த ஊர்க்காரர்களுக்கு அது ஏற்கெனவே பெயருள்ள அருவி. அதே மாதம் எடோ நகரம், அதாவது இன்றைய டோக்கியோ, பூகம்பத்தில் நொறுங்குகிறது.

இந்தியாவில் பிப்ரவரியில் தந்தி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படுகிறது. கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், மதராஸ் எல்லாம் ஒரே கம்பியில் வந்துவிட்டன. ஜூன் 30 அன்று இன்றைய ஜார்க்கண்டில் சிதுவும் கானுவும் அழைக்க, சந்தால் மக்கள் திரண்டு எழுகிறார்கள். வட்டிக்காரன், ஜமீன்தார், வரி வசூலிப்பவன், தரோகா என்று தங்களை அழுத்திய எல்லோருக்கும் எதிராக வில்லெடுக்கிறார்கள். கம்பெனிப் படை அதை அடக்கி முடிப்பதற்குள் பல்லாயிரம் பேர் செத்துப்போகிறார்கள்.

இதில் எதுவும் அந்த வருஷம் செஞ்சியில் வேர்க்கடலைக்கோ கேழ்வரகுக்கோ ஏர் பூட்டியவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. அவருக்கு அது 1855ஆகவே இருந்திருக்காது. கணக்குப்பிள்ளையின் ஏட்டில் பசலி 1264. ஜூலை பிறந்தால் 1265. சித்திரையிலிருந்து அறுபது வருஷச் சுழற்சியில் அந்த வருஷத்தின் பெயர் ராட்சச.

சரி, அந்த அக்டோபருக்கு வருவோம்.

1677இல் சிவாஜி தெற்கே படையெடுத்து வந்தபோது செஞ்சியைப் பிடித்தார். தஞ்சாவூரை ஏற்கெனவே அவருடைய மாற்றாந்தாய்த் தம்பி ஏகோஜி பிடித்து வைத்திருந்தார். சிவாஜியின் மகன் ராஜாராம் ஔரங்கசீப்பிடமிருந்து தப்பி வந்து ஒளிந்த இடமும் செஞ்சிதான். முகலாயத் தளபதி ஜுல்பிகார் கான் 1690இல் முற்றுகையைத் தொடங்கி, 1698இல்தான் கோட்டைக்குள் காலெடுத்து வைத்தார். ராஜாராம் அதற்குள் நழுவிவிட்டார். கர்நாடக நவாப் என்ற பதவியே இந்த முற்றுகையை ஒட்டிப் பிறந்ததுதான். நவாப்களின் பட்டியல் ஜுல்பிகார் கானில் இருந்து தொடங்குகிறது. ஆற்காடு பிறகுதான் தலைநகரானது.

1855 அக்டோபர் 7 அன்று, நவாப் பட்டத்தில் கடைசியாக இருந்த குலாம் முகமது கௌஸ் கான் பிள்ளையில்லாமல் இறந்தார். அக்டோபர் 29 அன்று தஞ்சாவூரில் ஏகோஜியின் வழிவந்த கடைசி ராஜா, அவரும் ஒரு சிவாஜி, ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். இடைவெளி 22 நாள். டல்ஹௌசி இரண்டு பட்டங்களையும் இழுத்து மூடினார். தஞ்சாவூர் ராணி காமாட்சிபாய் சொத்தைக் கேட்டு வழக்குப் போட்டார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. அரசு தன் அதிகாரத்தால் செய்த காரியத்தைக் கோர்ட் விசாரிக்க முடியாது என்று 1859இல் தீர்ப்பு வந்தது. நவாபின் சித்தப்பா வழிக்கு 1867இல் ‘ஆற்காடு இளவரசர்’ என்று ஒரு பட்டம் கிடைத்தது. ராஜ்யம் கிடைக்கவில்லை.

செஞ்சிக்காகச் சண்டை போட்ட இரண்டு தரப்பின் மிச்சமும் ஒரே மாதத்தில் காலி. ஒரு சரித்திர நாவலுக்கு அருமையான கடைசி அத்தியாயம். நானும் இங்கேயே நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இந்த முடிவில் ஒரு சிக்கல். தஞ்சாவூர் நிர்வாகம் 1799இலும், கர்நாடக நிர்வாகம் 1801இலும் கம்பெனி கைக்குப் போய்விட்டன. 1855இல் செத்தது பட்டம் மட்டும்தான். செஞ்சி விவசாயிக்கு அந்த இரண்டு சாவுகளாலும் ஒரு படி தானியம்கூட மிச்சமாகியிருக்காது. அவருடைய உலகத்தில் ராஜா யாராக இருந்தாலும் மாறாத ஒரு ஆள் உண்டு. வரி கேட்டு வருபவன்.

அதே 1855இன் பட்டியலில், ஏப்ரல் மாதத்தில், அந்த ஆளைப் பற்றிய ஒரு வரி இருக்கிறது. பொதுவாக உலக நிகழ்ச்சிப் பட்டியல்களில் அது வராது. மதராஸ் மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரித்த கமிஷன் தன் அறிக்கையைக் கொடுத்தது.

பின்னணி இதுதான். 1852இல் காசுலு லட்சுமிநரசு செட்டி மதராஸில் சுதேசிகளுக்கென்று ஒரு சங்கத்தை ஆரம்பித்தார். மெட்ராஸ் நேட்டிவ் அசோசியேஷன். ‘கிரசென்ட்’ என்று ஒரு பத்திரிகையும் நடத்தியவர். நிலவரிக் கொடுமைகளைப் பற்றி அந்தச் சங்கம் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பியது. டான்பி சீமோர் என்ற எம்.பி. நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார். 1854இல் பாராளுமன்றத்தில் பேச்சு எழுந்தது. வரி வசூலிக்க ஆட்களை அடித்துத் துன்புறுத்துகிறார்கள் என்பதை கம்பெனித் தரப்பு ஒப்புக்கொள்ளவில்லை. வேறு வழியில்லாமல் மதராஸ் அரசு எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூன்று பேரை விசாரிக்கச் சொன்னது.

சும்மா மூன்று மாதம்தான் புகார் வாங்கினார்கள். வந்தவை 1,959. இதில் 519 பேர் நேரில் வந்து சொன்னவர்கள். 1,440 கடிதங்கள்.

அறிக்கையில் இருப்பவற்றை முழுதாகச் சொல்லப் போவதில்லை. இரண்டு சொற்கள் போதும். ஒன்று, கிட்டி. நமக்குக் கிட்டி என்றால் கிட்டிப்புள் ஞாபகம் வரும். இது வேறு. இரண்டு கட்டைகளுக்கு நடுவே கைவிரல்களை வைத்து நெரிப்பது. இரண்டாவது, அண்ணாந்தாள். ஆளை வளைத்துக் கழுத்தையும் காலையும் கயிற்றால் சேர்த்துக் கட்டி வெயிலில் விடுவது. முதுகில் கல் ஏற்றுவதும் உண்டு. இந்த இரண்டு தமிழ்ச் சொற்களும் ஆங்கில எழுத்தில் அந்த அறிக்கையில் உட்கார்ந்திருக்கின்றன. கிஸ்தி என்றதும் நமக்கெல்லாம் ஜாக்சன் துரை முன்னால் கர்ஜிக்கும் சிவாஜி கணேசன்தான் ஞாபகத்துக்கு வருவார். கிஸ்தி கட்ட முடியாத சாதாரண ஆளுக்குக் கர்ஜிக்க நேரமிருக்கவில்லை.

இது எப்படி வேலை செய்தது என்று பார்த்தால்தான் எனக்கு நிஜமாகவே உறைத்தது. ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு விவசாயியும் அரசுக்கு நேரடியாகப் பணமாக வரி கட்ட வேண்டும். விளைச்சல் பொய்த்தாலோ விலை விழுந்தாலோ தள்ளுபடி கேட்கலாம். கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரிகள் கையில். மேலே இருந்து கலெக்டருக்கு இவ்வளவு வசூல் என்று ஒரு எண் வரும். அது தாசில்தாருக்கு இறங்கும், அங்கிருந்து சேவகனுக்கு. 1816ஆம் வருஷத்து ஒழுங்குமுறைச் சட்டம் தாசில்தாரையே போலீஸ் தலைவராகவும் ஆக்கியிருந்தது. வரி கேட்பவரும் அவரே, பிடித்து வைப்பவரும் அவரே.

அடி வாங்கியவர் எங்கே போய்ச் சொல்வது? கலெக்டரிடம் போகலாம். செஞ்சி அப்போது தென்னாற்காடு ஜில்லா. கலெக்டர் கடலூரில். சுமார் 80 கி.மீ. நடக்க வேண்டும், மனு எழுத ஆள் பிடிக்க வேண்டும், முத்திரைத் தாளுக்குக் காசு வேண்டும். இவ்வளவும் செய்து மனு கொடுத்தால் அதன் மேல் ஒரு குறிப்பு எழுதித் திருப்பிக் கொடுப்பார்கள்: தாசில்தாரிடம் போகவும்.

எங்கள் அலுவலக மொழியில் சொன்னால், டிக்கெட்டை யார் மேல் புகாரோ அவருக்கே அசைன் செய்துவிட்டு மூடிவிடுவது. சித்திரவதை நடக்கிறது என்பதைவிட, நடந்தவருக்கு நியாயம் கிடைப்பது இவ்வளவு கஷ்டமாக இருக்கிறதே என்பதுதான் தங்களை அதிகம் வருத்தியது என்று கமிஷன்காரர்களே எழுதினார்கள். நல்ல மனசுதான். ஆனால் பழியை எங்கே வைத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். கொடுமை செய்தது எல்லாம் சுதேசிக் கீழ்நிலை ஊழியர்கள், ஐரோப்பிய அதிகாரிகளுக்குப் பங்கு இல்லை என்று முடித்தார்கள். கிட்டியைப் பிடித்த கை நம் ஆளுடையதுதான். அதை மறைப்பதில் எந்தப் பெருமையும் இல்லை. ஆனால் அந்தக் கைக்கு எண்ணைக் கொடுத்து அனுப்பியவர் கலெக்டர். அந்த எண் கச்சிதமாக வந்து சேர்ந்தபோது எப்படி வந்தது என்று கேட்காமல் இருந்தவரும் அவரே.

இந்த ஓட்டையை அப்போதே பிடித்த ஒருவர் லண்டனில் இருந்தார். 1857 கிளர்ச்சியின்போது சிப்பாய்களின் கொடூரம் என்று ஆங்கிலப் பத்திரிகைகள் கொதித்துக்கொண்டிருந்தன. செப்டம்பர் 17 அன்று ‘நியூயார்க் டெய்லி ட்ரிப்யூன்’ இதழில் வந்த ஒரு கட்டுரை இந்த மதராஸ் அறிக்கையை எடுத்து முன்னால் வைத்தது. எழுதியவர் கார்ல் மார்க்ஸ். நம் தாலுகா கச்சேரி வாசலில் வெயிலில் நின்றவர்களின் கதை, இரண்டு வருஷத்தில் கடல் தாண்டி அமெரிக்க வாசகர் கைக்குப் போய்விட்டது. 1855இன் உலகச் செய்திகள் செஞ்சிப் பக்கம் வரவில்லை. இந்தப் பக்கத்துச் செய்தி உலகத்துக்குப் போயிருக்கிறது.

அறிக்கையால் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. வரியையும் போலீஸையும் பிரிக்கும் வேலை தொடங்கியது. 1859இல் மதராஸுக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. 1861இல் இந்தியா முழுக்க. இன்று நாம் பார்க்கும் காவல் துறையின் பிறப்புச் சான்றிதழில் இந்த அறிக்கைக்கும் ஓர் இடம் உண்டு. 1872 சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்றது. சட்டம் எழுதியவர்களுக்கு ஸ்டேஷனுக்குள் என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தது. நமக்கும் தெரியும். 2020இல் சாத்தான்குளத்தில் தகப்பனும் மகனும் காவலில் எடுக்கப்பட்டுச் செத்துப்போனார்கள். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்துப் போட்ட இந்தியா, அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. கிட்டி போய்விட்டது. புகாரை அதே அலுவலகத்துக்கே திருப்பி அனுப்பும் பழக்கம் போனதா என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்தப் பின்னணியோடு செஞ்சிக்குத் திரும்பினால் தேசிங்கு ராஜன் கதையும் வேறு மாதிரி தெரிகிறது. 1714இல் நவாப் சாதத்துல்லா கானோடு அவன் போருக்குப் போனது எதற்காக? நீலவேணிக் குதிரையும் நண்பன் மகபத் கானும் கூத்தில் நம் மனசில் பதிந்துவிட்டார்கள். மூலக் காரணம் கப்பப் பாக்கி. ராஜாவிடம் பாக்கி கேட்டால் அது போர், கதைப்பாடல், நூற்றாண்டுகளுக்கு நிற்கும் புகழ். குடியானவனிடம் பாக்கி கேட்டால் அது கிட்டி. அவனைப் பற்றிப் பாட யாரும் உட்காரவில்லை. ஆனால் 1,959 புகார்கள் இருக்கின்றன. பயந்துகொண்டும் காசு செலவழித்தும், யாரோ ஒருவர் கேட்பார் என்ற நம்பிக்கையிலும் சொன்னவை. சந்தால் மக்கள் வில்லெடுத்த அதே காலத்தில் நம் ஆட்கள் மனு எழுதினார்கள். இதையும் ஓர் எழுச்சியாகத்தான் நான் பார்க்கிறேன்.

செஞ்சிக்குப் போகிறவர்கள் எல்லோரும் கல்யாண மகால் முன்னால் நின்று படம் எடுப்பார்கள், மூச்சு வாங்க ராஜகிரி ஏறுவார்கள். மலையடிவாரத்திலும் மேலேயும் பெரிய பெரிய தானியக் களஞ்சியங்கள் இருக்கின்றன. கனமான சுவர், வளைந்த கூரை, உள்ளே இருட்டு. வவ்வால் நாற்றம் அடிப்பதால் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவோம். அடுத்த முறை உள்ளே கொஞ்சம் நின்று பாருங்கள். கோனார், நாயக்கர், சுல்தான், மராத்தியர், முகலாயர், நவாப், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கோட்டையைப் பிடித்தவர்களின் வரிசையை எந்த வழிகாட்டியும் ஒப்பிப்பார். அந்த இருட்டறையை நிரப்பியவர்கள் யார், எப்படிக் கொடுத்தார்கள் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள்.